பெரியப்பா கூப்பிடுகிறார்

கிளம்புகிற நேரம் பார்த்துப் பெரியப்பாவைக் காணவில்லை. பெட்டிகளை ஏற்றியாயிற்று, தண்ணீர்க் கேனை ஏற்றியாயிற்று, கடற்கரையில் மண் தோண்ட வாளியும் கரண்டியும்கூட ஏற்றியாயிற்று. சின்னவன் மட்டும், பெரியப்பா இல்லாமல் தான் எங்கும் வருவதாக இல்லை என்று வாசற்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

பெரியப்பா என்பது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு ரப்பர் நீர்யானை. அமுக்கினால் 'கீக்' என்று கத்தும். கன்னமும் கழுத்தும் எங்கே பிரிகின்றன என்று தெரியாத அந்த முகம், சின்னவனுடைய அப்பாவின் அண்ணனை அப்படியே உரித்து வைத்திருந்ததால் அந்தப் பெயர். பெயர் வைத்தது யார் என்பது வீட்டைத் தாண்டிப் போகக்கூடாத ரகசியம். வைத்தவள் சின்னவனின் அம்மாதான். நேற்று வண்டி கழுவும்போதுகூட அவன் கையில் இருந்தது. இன்று கட்டிலுக்கடியில், அரிசி டப்பாவுக்குள், அப்பாவின் ஷூவுக்குள் என்று எங்கெங்கோ தேடியும் ஆள் அகப்படவில்லை.

"பெரியப்பா ஊர்லயே இருந்து வீட்டப் பார்த்துப்பாருடா. நாம போயிட்டு வந்துடலாம்" என்று அவனைத் தூக்கிப் பின் சீட்டில் போட்டாள் அம்மா.

அவளைத் தெருவில் எல்லோரும் ஊசியக்கா என்பார்கள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அவள் ஊசி போட்டால் எறும்பு கடித்த அளவுக்குக்கூட வலிக்காது என்று பெயர் வாங்கியவள். கையில் ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு, "பார்க்காதீங்க, அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க. கைய இறுக்கி மூடுங்க. மூச்ச இழுத்து மெதுவா விடுங்க" என்பாள். மூச்சை விட்டு முடிப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். மலை மாதிரி ஆண்களெல்லாம் "எடுத்துட்டீங்களா?" என்று அசடு வழிந்துகொண்டு எழுந்து போவார்கள்.

அவள் கணவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஸ்கூல் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. அவர், ஒரு மேசை, ஒரு கார். அந்தக் காரில் ஓட்டுபவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் மாஸ்டருக்கு ஒரு பிரேக் என்று இரண்டு. இரண்டும் ஒரே கம்பியில் பிணைந்தவை, ஆனால் ஓட்டுபவர் மிதிக்கும்போது மாஸ்டருடைய பெடல் அசையாது. இவர் மிதித்தாலும் நிற்கும், அவர் மிதித்தாலும் நிற்கும். கூரையில் 'ஒரே மாதத்தில் நீங்களும் ஓட்டலாம்' என்று போர்டு. உல்லாசப் பயணம் போகிற வண்டிக்கு இது எதற்கு என்று கழற்றப் பார்த்தார்கள். திருகாணிகள் துருப்பிடித்துக் கூரையோடு ஒன்றாகிவிட்டிருந்தன. போர்டும் கடல் பார்க்கக் கிளம்பிவிட்டது.

பதினைந்து வருஷமாகப் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்து மாஸ்டருக்கு ஒரு வியாதி வந்திருந்தது. பஸ்ஸில் போனால் முன் சீட்டை மிதிப்பார். டிவியில் கார் துரத்தினால் சோபாவில் இருந்தபடியே மிதிப்பார். தூக்கத்தில்கூட விடமாட்டார். அவர் போர்வையின் கால் பக்கம் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கிழியும். கேட்டால், "நானா? சும்மா சொல்லாத" என்பார். மனதாரச் சொல்வார், அதுதான் வேடிக்கை.

இந்தப் பயணம் பிள்ளைகளுக்கு விடுமுறை, மாஸ்டருக்கு ஓய்வு. ஊசியக்காவுக்கு மட்டும் பரீட்சை. அவளுடைய நிலையத்தின் முதலாளியம்மா, வீட்டைவிட்டு வெளியே வரமுடியாத நோயாளிகளைத் தேடிப்போய் ரத்தம் எடுக்கிற ஒரு பிரிவு ஆரம்பிக்கிறார். அதற்கு நீயே தலைவி, ஒரு கார் தருகிறேன், ஆனால் நீயேதான் ஓட்டிக்கொண்டு போகவேண்டும், திங்கட்கிழமை பதில் சொல் என்று சொல்லியிருந்தார். ஊசியக்காவிடம் ஒரு வருஷமாக லைசன்ஸ் இருந்தது. ஆனால் லைசன்ஸ் வாங்கிய பிறகு ஒருநாள்கூட அவள் மாஸ்டர் பக்கத்தில் இல்லாமல் ஓட்டியதில்லை. அவர் இருக்கும்போது அவள் ஓட்டிய லட்சணமும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. அவள் பிரேக்கில் கால் வைத்தாளோ இல்லையோ, வண்டி முகம் குப்புற விழுந்து எழுந்திருக்கும். பெடல் அவள் காலுக்குக் கீழே தானாகவே அமிழ்கிற மாதிரி இருக்கும். "உனக்குக் கால் கனம்மா" என்பார் மாஸ்டர். ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர் சொன்னால் நம்பாமல் என்ன செய்வது? இவ்வளவு நிதானமான கைக்கு இப்படி ஒரு கால் வாய்த்ததே என்று நொந்துகொள்வாள்.

"கடல் வரைக்கும் நான்தான் ஓட்டுவேன். நல்லபடியா போய்ச் சேர்ந்தா வேலைக்குச் சரின்னு சொல்வேன். இல்லன்னா வேண்டாம்னு சொல்லிடுவேன். நீங்க உங்க பிரேக்குல கால் வைக்கக் கூடாது" என்று முதல் நாளே சொல்லியிருந்தாள்.

"வைக்கவே மாட்டேன். சத்தியம்" என்றார் மாஸ்டர். பிள்ளைகள்தான் சாட்சி.

முதல் திருப்பத்தில் ஒரு பூனை குறுக்கே போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது. ஊசியக்கா காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோனாள். கீக்! வண்டி குலுங்கி நின்றது. பின் சீட்டிலிருந்த பிஸ்கட் டப்பா முன் சீட்டுக்கு வந்தது. பூனை போகவேண்டாம் என்று முடிவுசெய்து திரும்பிப் போய்விட்டது.

"பெரியப்பா!" என்று கத்தினான் சின்னவன். "அம்மா, பெரியப்பா கூப்பிடுறாரு!"

"பெரியப்பா வீட்டுல இருக்காருடா."

"இல்ல, இங்கதான் எங்கயோ இருக்காரு. குரல் கேட்டுச்சு."

"அது பிரேக் சத்தம்" என்றார் மாஸ்டர். தின்பண்டப் பை, தண்ணீர் பாட்டில், சின்னவனின் தொப்பி எல்லாவற்றையும் மடியில் அடுக்கி வைத்திருந்ததால் அவருடைய முகம் மட்டும்தான் தெரிந்தது. "நேத்து தண்ணி ஊத்திக் கழுவினோம் இல்ல, பிரேக்குல ஈரம் இறங்கியிருக்கும். காஞ்சா சரியாயிடும். நீ கண்ண ரோட்டுல வை."

கண் ரோட்டில் இருக்கவேண்டும் என்பது மாஸ்டரின் முதல் பாடம். ஊசியக்கா அவருடைய நல்ல மாணவி. அதனால் அவள் கண் ரோட்டைவிட்டு இம்மியும் நகரவில்லை.

ஊரைத் தாண்டியும் ஈரம் காயவில்லை. எதிரே லாரி வந்தால் கீக். சைக்கிள் தெரிந்தால் கீக். நெடுந்தூரத்தில் ஒரு வளைவு வரப்போகிறது என்று பலகை வைத்திருந்தார்கள், அந்தப் பலகைக்கே ஒரு கீக். ஒவ்வொரு கீக்குக்கும் வண்டி ஒரு குலுக்கு, சின்னவன் ஒரு "பெரியப்பா!", மாஸ்டர் ஒரு "கால் கனம்மா, மெதுவா." கூரைப் போர்டு வேறு ஊர் சிரிக்க வைத்தது. பின்னால் வந்தவர்கள் எல்லாரும் தள்ளியே வந்தார்கள். மோட்டார் சைக்கிளில் போன ஒரு பெரியவர் ஜன்னலோரம் வந்து, "பயப்படாம ஓட்டும்மா, நானும் இப்படித்தான் கத்துக்கிட்டேன்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் பறந்துபோனார். ஊசியக்காவுக்கு ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு அழவேண்டும் போலிருந்தது.

பெரியவளுக்கு வீட்டில் வக்கீல் என்று பெயர். பதினோரு வயதுதான், ஆனால் எதையும் ஆதாரமில்லாமல் ஒத்துக்கொள்ளமாட்டாள். அவளே இப்போது முகம் வெளுத்துப்போய், பிளாஸ்டிக் பையைத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பா ஓட்டினா எனக்கு வாந்தி வராது. நீ ஓட்டினா வருது. ஏன்னு தெரியல" என்றாள். குற்றம் சாட்டவில்லை, கண்டதைச் சொன்னாள். அதனாலேயே ஊசியக்காவுக்கு அது நேரே நெஞ்சில் போய்த் தைத்தது.

அடுத்து வந்த டீக்கடையில் வண்டியை நிறுத்தினாள். நிறுத்தும்போதும் ஒரு கீக். பிள்ளைகள் முகம் கழுவப் போனார்கள். ஊசியக்கா டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றாள்.

"வேண்டாம்னு சொல்லிடப் போறேங்க" என்றாள்.

"எத?"

"வேலைய. சொந்தப் பிள்ளைங்களையே வாந்தி எடுக்க வைக்கிறேன். வியாதிக்காரங்க வீட்டு வாசல்ல எவன் மேல ஏத்துவேனோ."

மாஸ்டர் நல்ல மனிதர். மனைவி கலங்கினால் தாங்கமாட்டார். தாங்கமாட்டாதவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "விடும்மா. எல்லாருக்கும் எல்லாமும் வந்துடுமா? உனக்குக் கை நல்ல கை. அது போதாதா?" என்று தோளைத் தட்டினார். "மீதி தூரம் நான் ஓட்டுறேன். நீ நிம்மதியா பக்கத்துல உக்காரு."

அந்த வேலை அவளுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பது, வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் முழுசாகத் தெரிந்தது. சன்னலே இல்லாத அந்த நிலையத்து அறையில், அதே நாற்காலி, அதே குழல் விளக்கு, அதே சுவர். காரில் ஏறி, கதவைச் சாத்தி, சாவியைத் திருப்பி, தன்பாட்டுக்கு ஊரெல்லாம் போவதாக அவள் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். நினைத்ததோடு சரி.

"ஓட்டுங்க. அதுக்கு முன்னாடி அந்தச் சத்தத்தப் பார்க்கச் சொல்லுங்க. நீங்க ஓட்டும்போது பிரேக் போயிடப் போகுது" என்றாள். டீக்கடைக்குப் பக்கத்திலேயே ஒரு மெக்கானிக் கடை இருந்தது.

மெக்கானிக் ஒரு காருக்கடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தார். வேலை செய்கிறார் என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்ற பிறகுதான் குறட்டை கேட்டது. மாஸ்டர் பக்கத்தில் கிடந்த இரும்புத் தட்டை ஒரு தட்டுத் தட்டினார். மெக்கானிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, கதையைக் கேட்டு, சாவியை வாங்கி, தனியாகவே ஒரு சுற்றுப் போய் வந்தார்.

"சத்தம் வரலயே."

"வரும். நான் ஓட்டுறேன், நீங்க கேளுங்க" என்று மாஸ்டர் ஓட்டினார். மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்தார். போனார்கள், வந்தார்கள். சத்தம் வரவில்லை.

"என்ன சார், காலங்காத்தால விளையாடுறீங்களா?" என்றார் மெக்கானிக். அப்போது மணி பகல் பன்னிரண்டு.

"அம்மா ஓட்டும்போதுதான் வருது" என்றாள் வக்கீல். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்ததில் அவளுக்குப் பழைய தெம்பு வந்திருந்தது. "அம்மா ஓட்டட்டும்."

ஊசியக்காவுக்கு மனமே இல்லை. அவமானத்தை அந்நியர் ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படவேண்டுமா? ஆனால் மெக்கானிக் அதற்குள் ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் சீட்டின் மேலே மடக்கி வைத்துக்கொண்டு வசதியாக உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அப்படி உட்கார்ந்தால்தான் கொட்டாவி நன்றாக வரும் போலிருக்கிறது. ஊசியக்கா வண்டியை எடுத்தாள்.

முன்னால் ஒரு டிராக்டர் போனது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காலைப் பிரேக்கில் வைத்தாள். பெடல் அமிழவில்லை. அது அவளுக்காகக் காத்திருந்தது. அழுத்தினாள், அழுத்திய அளவுக்கு வேகம் குறைந்தது. சத்தமில்லை, குலுக்கலில்லை. அவளுக்கே சந்தேகமாகிவிட்டது. வேண்டுமென்றே இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தாள், இன்னொரு தடவையும். திரும்பி வந்து கடை வாசலில் நிறுத்தியபோது, தொட்டிலை நிறுத்துகிற மாதிரி நின்றது வண்டி.

"நல்லா ஓட்டுறீங்களேக்கா" என்றார் மெக்கானிக், கொட்டாவிக்கு நடுவே. "எத்தன வருஷமா ஓட்டுறீங்க?"

ஊசியக்கா ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லத் தலையைத் திருப்பி, டீ குடித்துக்கொண்டிருந்த கணவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மாஸ்டருக்கு டீ புரையேறியது.

"நீங்க வந்து உக்காருங்க" என்றாள்.

"நான் எதுக்கு? அதான் சத்தம் போயிடுச்சே."

"உக்காருங்க."

உட்கார்ந்தார். பிள்ளைகளும் ஏறிக்கொண்டார்கள். வண்டி பத்தடி நகர்ந்திருக்காது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் மரத்தடியில் ஒரு நாய் படுத்திருந்தது. தூங்குகிற நாய். எழுந்திருக்கிற உத்தேசமே இல்லாத நாய். கீக்! வண்டி முகம் குப்புற விழுந்து நின்றது.

வக்கீல் முன் சீட்டுகளுக்கு நடுவே தலையை நீட்டினாள்.

"அப்பா, ஒரு கேள்வி. உங்க கால் இப்ப எங்க இருக்கு?"

"கால் இருக்கிற இடத்துலதான் இருக்கு."

"மடியில இருக்கிற பைய எடுங்க."

"அதெல்லாம் எதுக்கு..."

"எடுங்கப்பா."

பையை எடுத்தார். மூவரும் குனிந்து பார்த்தார்கள். மாஸ்டரும் பார்த்தார். தன்னுடைய கால், தன்னைக் கேட்காமல், பிரேக்கைத் தரையோடு தரையாக மிதித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. வெடுக்கென்று எடுத்தார். எடுத்ததும் பெடலுக்கடியில் சுருண்டிருந்த மிதியடிக்குள்ளிருந்து 'ஈ...' என்று காற்றை உள்ளே இழுக்கிற சத்தம் வந்தது. சின்னவன் தலைகுப்புறப் பாய்ந்தான். இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிய, மிதியடிக்குள் துழாவி, கொஞ்சம் தட்டையாகிப் போயிருந்த பெரியப்பாவை இழுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"நான்தான் சொன்னேனே, கூப்பிடுறாருன்னு! அப்பா காலையிலேர்ந்து பெரியப்பாவ மிதிச்சுட்டே வந்திருக்காரு!"

ஊசியக்காவுக்கு முதலில் வந்தது சிரிப்பு. அது பாதியிலேயே கோபமாக மாறிவிட்டது.

"கால் கனம்! யாருக்குக் கால் கனம்?" என்றாள். கீழே இறங்கிக் கதவை அறைந்து சாத்தினாள். "ஒரு வருஷமா நான் மிதிக்கிறதுக்கு முன்னாடி நீங்க மிதிச்சுட்டு, பழிய என் கால் மேல போட்டிருக்கீங்க! இப்பக்கூட வேலைய வேண்டாம்னு சொல்லப் போனேன். அதுக்கு நீங்க தோளத் தட்டி ஆறுதல் வேற!"

"சத்தியமா எனக்குத் தெரியாதும்மா."

"தெரியும், உங்களுக்குத் தெரியாதுன்னு. அதான் எரியுது. தெரிஞ்சு செஞ்சிருந்தா சண்டையாவது போடலாம்."

மாஸ்டர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். தன் பக்கத்து நியாயத்தையும் சொல்லிப் பார்த்தார். இந்தக் கால் சும்மா இருந்திருந்தால் வெங்காய வண்டிக்காரர் ஒருவர், ஒரு தபால் பெட்டி, பாலத்துக் கைப்பிடிச் சுவர் எல்லாம் இன்று உலகத்தில் இருந்திருக்காது என்றார். அது உண்மைதான். ஆனால் கேட்கத்தான் யாருமில்லை. ஊசியக்கா மெக்கானிக்கிடம் போய், "அண்ணே, அவர் பக்கத்து பிரேக்கக் கழட்டி விடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

கழற்றுவது பெரிய வேலையில்லை. கம்பியின் முனையில் ஒரு சின்ன ஆணி. அதை உருவியதும் மாஸ்டருடைய பிரேக் எதோடும் சம்பந்தமில்லாத வெறும் பெடலாகிவிட்டது. ஆணியை வக்கீல் தன் பென்சில் டப்பாவுக்குள் போட்டுப் பூட்டிக்கொண்டாள். சின்னவன் பெரியப்பாவைத் துடைத்து, முத்தம் கொடுத்து, திரும்பவும் அந்தப் பெடலுக்கடியிலேயே வைத்தான்.

"அங்க எதுக்குடா?" என்றார் மாஸ்டர் பரிதாபமாக.

"உங்களுக்கு எப்பல்லாம் பயமா இருக்குன்னு அவர் எங்களுக்குச் சொல்லுவாரு."

சொன்னார். சொல்லிக்கொண்டே இருந்தார். பஸ் வந்தால் கீக், பாலம் வந்தால் கீக், மேகம் கொஞ்சம் தாழ்வாக இருந்தால்கூட கீக். ஆனால் வண்டி குலுங்கவில்லை. ஒவ்வொரு கீக்குக்கும் பிள்ளைகள் கைதட்டினார்கள். வக்கீலுக்கு வாந்தி நின்றுபோய்ப் பசி வந்துவிட்டது. மாஸ்டருக்குத்தான் வியர்த்துக் கொட்டியது. கதவுக் கைப்பிடியை அவர் பிடித்திருந்த பிடியில் அது கையோடு வந்துவிடும் போலிருந்தது.

மலைச்சரிவில் வண்டி இறங்க ஆரம்பித்தது. முன்னால் ஒரு லாரி, வீடு மாற்றுகிறவர்களுடைய சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே பெரிய இரட்டைக் கட்டில் மெத்தை ஒன்று. வளைவில் லாரி திரும்பியபோது கயிறு அறுந்தது. மெத்தை ஒரு நிமிஷம் யோசித்த மாதிரி எழுந்து நின்று, பிறகு நடு ரோட்டில் வந்து விழுந்தது.

கீ...க்! பெரியப்பா உயிர் போகிற மாதிரி அலறினார். மாஸ்டர் தன் வெறும் பெடலின் மேல் கிட்டத்தட்ட எழுந்தே நின்றுவிட்டார். ஊசியக்காவுக்கும் பயம்தான். இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் கால் அதுபாட்டுக்குப் போய்ப் பெடலில் உட்கார்ந்தது. கண்ணாடியில் பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்தாள். ஊசி ஏறும்போது கை எப்படி அளவறிந்து நிற்குமோ, அப்படிக் கால் அளவறிந்து அழுத்தியது. வண்டி குறைந்து, குறைந்து, மெத்தைக்கு முழு ஒரு கார் அளவு இடம் விட்டு நின்றது. சின்னவன் கையிலிருந்த டம்ளரில் ஆரஞ்சு ஜூஸ் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

மாஸ்டர் கதவைத் திறந்து இறங்கினார். நடந்தார். வழியில் மெத்தை இருந்ததால் அதிலேயே உட்கார்ந்துவிட்டார். ஊசியக்கா வண்டியில் எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டு அவரிடம் போனாள்.

"நான் மிதிச்சேன்" என்றார் மாஸ்டர். "முழு பலத்தோட மிதிச்சேன். ஒண்ணுமே ஆகல."

"நான்தான் நிறுத்தினேன்."

"ஆமா, நீதான் நிறுத்தின. என்னவிட நல்லாவே நிறுத்தின." கொஞ்ச நேரம் மெத்தையைத் தடவிக்கொண்டிருந்தார். "உனக்கு ஓட்டத் தெரியலன்னு இல்லம்மா. எனக்குத்தான் சும்மா உக்காரத் தெரியல. ஆயிரம் பேருக்குக் கத்துக்கொடுத்தேன், இத எனக்கு யாரும் கத்துக்கொடுக்கல."

ஊசியக்காவுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. பாவம், மனிதர் பதினைந்து வருஷமாக ஒரு காலை உயிரைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் லாரியிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்து, "சார், கொஞ்சம் எந்திரிங்க. அது எங்க மெத்தை" என்றார்கள்.

திரும்ப வண்டியில் ஏறியதும் அவள் உடனே கிளப்பவில்லை. மாஸ்டர் பக்கம் திரும்பினாள். நிலையத்து நாற்காலியில் வெளிறிப்போய் உட்காருகிறவர்களிடம் பேசுகிற அதே குரலில் பேசினாள்.

"ரோட்டப் பார்க்காதீங்க. அந்தப் பக்கம் ஜன்னலப் பார்த்துத் திரும்பிக்கோங்க. கைய இறுக்கி மூடுங்க. மூச்ச இழுத்து மெதுவா விடுங்க. முடிஞ்சிடும்."

"எவ்வளவு நேரத்துல முடியும்?"

"கடல் வந்ததும் முடிஞ்சிடும்."

மாஸ்டர் சொன்னபடி கேட்டார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முதலில் கொஞ்ச தூரம் பெரியப்பா விட்டுவிட்டுக் கத்தினார். பிறகு எப்போதாவது கத்தினார். அப்புறம் சமவெளி வந்தது, இரண்டு பக்கமும் மரங்கள் வந்தன. ஒரு பஸ்ஸை முந்தினாள், ஒரு மாட்டு வண்டிக்காக நிதானித்தாள், சந்தை கூடியிருந்த ஒரு ஊரின் நடுவே புகுந்து வெளியே வந்தாள். வந்த பிறகுதான் ஏதோ குறைகிற மாதிரி தோன்றியது. சத்தமே இல்லை.

"அம்மா" என்று கிசுகிசுத்தாள் வக்கீல். "அப்பா தூங்கிட்டாரு."

கண் ரோட்டில்தான் இருக்கவேண்டும் என்ற பாடத்தை ஊசியக்கா அன்று ஒரே ஒரு முறை மீறினாள். மாஸ்டர் வாயைத் திறந்துகொண்டு, கன்னம் கண்ணாடியில் நசுங்க, அண்ணனைப் போலவே ஆகிப்போய்த் தூங்கிக்கொண்டிருந்தார். ஓடுகிற காரில் அவர் தூங்கி அவள் பார்த்ததே இல்லை. கல்யாணமான புதிதில் ராத்திரிப் பயணங்களில்கூடக் கண்கொட்டாமல் டிரைவரின் பிடரியையே பார்த்துக்கொண்டு வருவார். அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கையில் லைசன்ஸ் கொடுத்தார்களே, அன்றுகூட இவ்வளவு சந்தோஷப்பட்டதாக அவளுக்கு நினைவில்லை.

"திங்கட்கிழமை சரின்னு சொல்லப் போறேன்டி" என்றாள் மகளிடம், மெதுவாக.

"சாட்சி நான்" என்றாள் வக்கீல்.

சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் கடல் வந்தது. முதலில் ஒரு கோடாகத் தெரிந்து, பிறகு கண்ணாடி முழுக்க நிறைந்தது. சின்னவன் கத்த வாயைத் திறந்தான், அக்கா பொத்தினாள். ஊசியக்கா மணலோரமாக, ஒரு மரத்து நிழலில், தூங்குகிறவர் தலை அசையாதபடி வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். இஞ்சினை அணைத்தாள். அலைச் சத்தம் மட்டும் கேட்டது.

அப்போது, தூக்கத்திலேயே, மாஸ்டருடைய கால் மெல்ல நீண்டு பெடலை மிதித்தது.

கீக்.

"லேட்டுப்பா" என்றாள் வக்கீல்.